வேலையைக் கொடுங்க, ஓடிபியைக் கொடுக்காதீங்க: வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் கேள்வி பதில்

ஈரோட்டில் வீட்டில் இருந்தபடியே 9 வருஷமா வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை பார்க்கிறேன், அதாவது மத்தவங்க ஆபீஸ் வேலையைத் தூரத்துல இருந்தே செஞ்சு கொடுக்கிறேன். இப்போ ஆறு பேருக்கு வேலை செஞ்சு கொடுக்கிறேன்: ஜவுளிக்காரங்க மூணு பேர், ஒரு டாக்டர், ஒரு ஆடிட்டர், ஒரு கட்டட இன்ஜினியர். ரெண்டு பேரை நான் நேர்ல பார்த்ததே இல்லை. எல்லாம் போன், லேப்டாப் வழியாத்தான். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் பதில் சொல்றேன்.

சென்னிமலை, பெட்ஷீட் உற்பத்தியாளர்: 12 தறி ஓடுது. சரக்கு, பில், வசூல் எல்லாம் நானேதான். ஊர்ல இல்லாத ஒருத்தர் எனக்கு என்ன செஞ்சு கொடுத்துட முடியும்?

அண்ணா, உங்களுக்கு முதல்ல வசூல். உங்க மாதிரி ஒருத்தர்கிட்ட நான் சேர்ந்தப்ப, பாக்கிக் கணக்கு முழுக்க அவர் ஞாபகத்துலயும் வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்லயும்தான் இருந்துச்சு. உட்கார்ந்து ஒவ்வொண்ணா கேட்டு ஒரு ஷீட்ல ஏத்தினேன். பார்ட்டி பேர், பில் நம்பர், தேதி, தொகை, அதுக்குப் பக்கத்துல "கடைசியா என்ன சொன்னாங்க"ன்னு ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டம்தான் காசு கொண்டு வரும். "மகன் வந்ததும் தர்றேன்"னு சொன்னவருக்கு மகன் வர்ற தேதிக்கு மறுநாள் காலைல 11 மணிக்கு போன் போகும். செவ்வாய், வெள்ளி வசூலுக்குக் கூப்பிடவே மாட்டேன். பணத்தை வெளியே விடாத நாள்ல கேட்டா காசும் வராது, மனசும் கசக்கும். புதன், வியாழன்தான் என் வசூல் நாள்.

இன்னொண்ணு. உங்களுக்கு உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழிலுக்கான அரசுப் பதிவு) இருந்தா அந்த நம்பரை பில்லுலயே போடச் சொல்லுங்க. குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள்ல, இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல பணம் வந்தாகணும். 2024 ஏப்ரல்ல இருந்து, கெடு தாண்டின பாக்கியை, சரக்கு வாங்கினவர் தன் வருமான வரிக் கணக்குல உடனே செலவாக் காட்ட முடியாது, பணம் கொடுத்த வருஷம்தான் காட்டலாம். மார்ச் மாசம் இதை மரியாதையா ஒரு வரி ஞாபகப்படுத்தினாலே பல பேர் கொடுத்துடுவாங்க. பெரிய கம்பெனின்னா இதுக்குன்னு தனி ஆள் இருப்பாங்க. உங்களுக்கு அந்த ஆள் ஒரு அசிஸ்டென்ட்.

திருப்பூர், ஜாப் ஒர்க் யூனிட்: மெயில், வாட்ஸ்அப் எல்லாம் பார்க்கணும்னா பாஸ்வேர்டு கொடுத்துத்தானே ஆகணும்?

வேண்டவே வேண்டாம். ஜிமெயில்ல கம்ப்யூட்டர் வழியா அமைப்புகளுக்குள்ள போனா, இன்னொருத்தருக்கு உங்க பெட்டியைத் திறந்து பார்க்க அனுமதி கொடுக்கலாம். அவங்க படிப்பாங்க, பதில் அனுப்புவாங்க. உங்க பாஸ்வேர்டை மாத்த முடியாது. வாட்ஸ்அப்ல "லிங்க்டு டிவைசஸ்" இருக்கு. உங்க போன் போக நாலு கருவி வரைக்கும் இணைக்கலாம். ஆனா இணைச்சவங்களுக்கு எல்லா சாட்டும் தெரியும், வீட்டுப் பேச்சும் சேர்த்து. அதனால தொழிலுக்குத் தனி நம்பர் வாங்கிட்டு அதை மட்டும் இணைங்க. சரக்கு அனுப்ப எடுக்கிற இ-வே பில் தளத்துல அசிஸ்டென்டுக்கு சப்-யூசர்னு தனி லாகின் உருவாக்கலாம். கூகுள் மேப்ல உங்க கடைப் பக்கத்துக்கு அசிஸ்டென்டை மேனேஜரா மட்டும் சேருங்க, ஓனர் நீங்களே இருங்க. வேலையை விட்டுப் போற அன்னிக்கே எல்லாத்தையும் எடுத்துடுங்க.

பேங்க் மட்டும் தனி. கரன்ட் அக்கவுன்ட்ல ஒருத்தர் பதிவு செய்ய, இன்னொருத்தர் ஒப்புதல் கொடுக்கிற வசதி இருக்கான்னு உங்க கிளையில கேளுங்க. பதிவு அசிஸ்டென்ட், ஒப்புதல் நீங்க. ஓடிபி உங்க போனைத் தாண்டக் கூடாது.

சேலம், மளிகை மொத்த வியாபாரம்: மாசம் எவ்வளவு ஆகும்?

வேலை தெரியாம தொகை சொல்ல முடியாதுங்க. ரெண்டு வாரம் ஒரு நோட்டுல எழுதுங்க: எந்தெந்த வேலைக்கு எத்தனை நிமிஷம், அதுல நீங்க இல்லாமலே நடக்கிறது எது. அந்த நிமிஷத்தைக் கூட்டினா எத்தனை மணி நேரம் வாங்கணும்னு வந்துடும். மாசம் 20 மணி நேரத்துல ஆரம்பிங்க. மணிக்கணக்குல பேசுங்க, "எல்லாம் பார்த்துக்கணும்"னு பேசாதீங்க.

நாகர்கோவில், குழந்தை மருத்துவர்: அப்பாயின்ட்மென்ட் போன் மட்டும் எடுத்தா போதும். ஆனா தாய்மார்கள் காய்ச்சல் விவரம் எல்லாம் அதுலயே அனுப்பறாங்க. என்ன செய்யறது?

டாக்டர், டோக்கன் கொடுக்கிறது, நேரம் மாத்துறது, தடுப்பூசித் தேதியை ஞாபகப்படுத்துறது, இது மூணும் அசிஸ்டென்ட் வேலை. உடம்பு விவரம் வந்த நொடியில பேச்சை நிறுத்தி, உங்களுக்கோ நர்ஸுக்கோ மாத்திடணும். எந்தெந்த வார்த்தை வந்தா உடனே உங்களைக் கூப்பிடணும்னு நீங்களே எழுதிக் கொடுங்க: வலிப்பு, மூச்சுத் திணறல், பால் குடிக்கலை, தூங்கிட்டே இருக்கு. நான் பார்க்கிற டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் என் மேஜைக்கு மேல சுவத்துல ஒட்டியிருக்கு. மேல 108, அடுத்து டாக்டரோட சொந்த நம்பர். ரிப்போர்ட், ஸ்கேன் எதுவும் என் லேப்டாப்ல இறக்கி வைக்கிறதில்லை.

பெயர் சொல்லாத ஒருவர்: ஓடிபி வாட்ஸ்அப்ல அனுப்பினா பரவாயில்லையா?

கூடாது. எந்த வழியிலயும் கூடாது.

கரூர், எக்ஸ்போர்ட் அலுவலகம்: ஜிஎஸ்டியும் அசிஸ்டென்டே பார்த்துடலாமா?

பில் சேகரிக்கிறது, ஷீட்ல ஏத்துறது, விடுபட்டதைத் துரத்துறது வரைக்கும் பார்க்கலாம். மாசாமாசம் தாக்கல் செய்றவங்களுக்கு விற்பனை விவரம் காட்டுற ஜிஎஸ்டிஆர்-1 அடுத்த மாசம் 11ம் தேதி, வரி கட்டுற 3பி 20ம் தேதி. நடுவுல 14ம் தேதி 2பி வரும், அதாவது சப்ளையருங்க ஏத்தின பில்லை வச்சு நீங்க எவ்வளவு வரி கழிச்சுக்கலாம்னு காட்டுற பட்டியல். அன்னிக்கே உங்க கொள்முதல் பில்லோட ஒத்துப் பார்த்து, பில் ஏத்தாத சப்ளையரை போன்ல பிடிக்கணும். அதுதான் அசிஸ்டென்டால உங்களுக்கு நேரடி லாபம். தாக்கல் ஆடிட்டர் மேற்பார்வையில நடக்கட்டும். நாள் தாண்டினா தினம் 50 ரூபாய் தாமதக் கட்டணம். கடைசியா வர்ற ஓடிபியை நீங்களே போடுங்க. மூணாவது தடவை சொல்றேன்.

சென்னிமலை, மறுபடியும்: சரிங்க. ஆனா வாடிக்கையாளருக்குப் பதில் என் பேர்லதான் போகணும். வேற ஆள் பேசறாங்கன்னு தெரிஞ்சா மதிக்க மாட்டாங்க.

அண்ணா, இதுக்கு மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். உங்க கடை பேர்ல எழுதறேன். நீங்களா எழுத மாட்டேன்.

கோவை, இன்சூரன்ஸ் ஏஜென்ட்: நான் சென்னிமலைக்காரர் பக்கம். தொழில்ல இது சகஜம். டைப் பண்றது யாருன்னு கஸ்டமருக்கு எதுக்கு?

நாகர்கோவில் மருத்துவர்: எதுக்குன்னா, அவங்க என்கிட்ட பேசறதா நம்பித்தானே விவரத்தைச் சொல்றாங்க? அந்த நம்பிக்கையில வேற ஒருத்தர் உட்காரக் கூடாது.

கோவை: டாக்டர் தொழில் வேற, வியாபாரம் வேற.

வேற இல்லைங்க. நடந்ததைச் சொல்றேன். வேலைக்கு வந்த ரெண்டாவது வருஷம், ஒரு துணி வியாபாரிக்காக, அவர் வாடிக்கையாளர்களுக்கு அவர் பேர்லயே பதில் எழுதிட்டு இருந்தேன். அவர் சொல்லித்தான். அவர் பேசற மாதிரியே "சரிப்பா", "பார்த்துக்கலாம்"னு எழுதப் பழகிட்டேன். ஒரு நாள் 15 வருஷமா சரக்கு எடுக்கிற ஒருத்தர் ஆர்டர் கேட்டுட்டு, கடைசியில "அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு?"ன்னு கேட்டார். நான் "நல்லா இருக்காங்க"ன்னு போட்டேன். அந்த அம்மா இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லலை. மறுநாள் அவருக்கு வேற ஒருத்தர் மூலமா விஷயம் தெரிஞ்சு, நேரா வீட்டுக்கே வந்துட்டார். "பெத்தவ போனதைக்கூட என்கிட்ட மறைக்கணுமா?"ன்னு கேட்டாராம். என் முதலாளியால பதில் சொல்ல முடியலை. அந்த வாடிக்கையாளருக்கு நான் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டப்ப அவர் என்னைத் திட்டலை. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அன்னியிலிருந்து என் பேர் போடாம ஒரு மெசேஜ் அனுப்பினதில்லை.

கோவை: அது ஒரு தடவை நடந்த தப்பு. பேர் போட்டா வியாபாரம் குறையாதுன்னு சொல்ல முடியுமா?

என் அனுபவத்துல குறையலை. பேர் தெரிஞ்சதும், "ஓனருக்கு இதைச் சொல்லிடும்மா"ன்னு என்கிட்டயே சொல்ல ஆரம்பிச்சாங்க. ஓனர் முகத்துக்கு நேரா சொல்லத் தயங்குற குறையெல்லாம், ஓரம் பிரிஞ்ச பீஸ், சாயம் போன லாட், எனக்கு முதல்ல வருது. நான் அன்னிக்கே ஓனர் காதுல போட்டுடறேன்.

மதுரை, பொறியியல் மாணவர்: ஏஐ வந்துடுச்சே, ஆள் எதுக்கு?

நானே பயன்படுத்தறேன் தம்பி. இங்கிலீஷ் மெயில் வரைவு, நீளமான பேச்சோட சுருக்கம் எல்லாம் நல்லா வருது. ஆனா அனுப்பறதுக்கு முன்னாடி தொகை, தேதி, பேரை நான் ஒவ்வொண்ணா சரி பார்க்கிறேன். வாடிக்கையாளர் பட்டியல், போன் நம்பர் எதையும் அதுல ஒட்ட மாட்டேன். "மகன் வந்ததும்"னா எந்த மகன், எப்ப வர்றார்னு அதுக்குத் தெரியாது, கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

தூத்துக்குடி, வேலை தேடும் பெண்: அக்கா, இந்த வேலைக்குச் சேர 2,500 ரூபாய் பதிவுக் கட்டணம் கேட்கறாங்க. கட்டலாமா?

கட்டாதே கண்ணு. வேலை கொடுக்கிறவங்க உன்கிட்ட காசு கேட்க மாட்டாங்க. ஏற்கெனவே கட்டியிருந்தா இப்பவே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு போன் பண்ணு, நேரம் போகப் போக பணம் கைக்கு எட்டாது. தமிழ்ல பிழையில்லாம எழுதத் தெரிஞ்சு, எக்ஸெல்ல கூட்டல், வடிகட்டல் தெரிஞ்சா உங்க தெருவுலயே ஒரு கடைக்கு பாக்கி ஷீட் போட்டுக் கொடு. அதுதான் உனக்கு சர்டிபிகேட்.

ஓசூர்: மாசம் எவ்வளவு ஆகும்?

சேலத்துக்காரருக்குச் சொன்னதுதான்.

விழுப்புரம்: நெட் பேங்கிங் பாஸ்வேர்டு மட்டும் கொடுக்கலாமா?

திருப்பூர்க்காரருக்கு எழுதினதைப் படிங்க. வேண்டாம்.

சென்னிமலை: சரிம்மா. அப்படின்னா முதல் மெசேஜ்ல என்னன்னு போடறது?

இப்படிப் போடுங்க அண்ணா: "வணக்கம். இனி ஆர்டர், பில், பாக்கி விவரங்களுக்கு இந்த நம்பர்ல எங்க கடை உதவியாளர் உங்களோட பேசுவாங்க. விலை, தரம் பத்தி என்கிட்டயே பேசணும்னா சாயங்காலம் 5 மணிக்கு மேல கூப்பிடுங்க, நானே எடுக்கறேன்." கீழ உங்க பேர், அதுக்குக் கீழ அவங்க பேர். அனுப்பறதுக்கு முன்னாடி உங்க பழைய பார்ட்டிங்க பத்துப் பேருக்காவது நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க. நாளைக்கு வெள்ளி, வசூல் போன் போகாது. பழைய பார்ட்டிங்களைக் கூப்பிட நாளைக்கே நேரம் ஒதுக்குங்க.