140ஆம் பக்கத்தில் நின்றவர்

கேள்வி: எங்கள் ஊர்க்காரர் ஒருவரின் நாவல் வெளியீட்டுக்குப் போய், என்வலப்பில் 2000 ரூபா வைத்துக் கொடுத்துப் பிரதி வாங்கினேன். 412 பக்கம். 140ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டேன், அதற்கு மேல் ஓடவில்லை. மேடையில் பேசியவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். குறை என்னிடம்தானோ? காசும் கொடுத்தாயிற்று. எழுதியவரைக் கிழமைக்கு இரண்டு தரம் சந்தையில் காண்கிறேன். "மறுகா சேர், வாசிச்சு முடிச்சாச்சா?" என்று கேட்கிறார். என்ன சொல்ல? எனக்கு வயது 67.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், களுவாஞ்சிக்குடி

பதில்: முதலில் அந்த 2000 ரூபாவை மறந்துவிடுங்கள். அது ஊர் உறவுக்குக் கொடுத்த காசு. கலியாண வீட்டில் என்வலப் நீட்டியவர், சோறு இறங்காவிட்டாலும் கடைசிப் பருக்கை வரை தின்றுவிட்டுத்தான் எழும்ப வேண்டுமென்று எந்த ஊரிலும் சட்டமில்லை.

கொடுத்த காசு மனிதரை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்பதை ஆர்க்ஸ், புளூமர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985இல் எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில், ஒஹையோவில், ஒரு நாடக அரங்கின் பருவ டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குக் கழிவு விலைக்கும் விற்றுப் பார்த்தார்கள். முழு விலை கொடுத்தவர்கள்தான் கூடுதலான நாடகங்களுக்குப் போனார்கள். ஆனால் பருவத்தின் முதற் பாதியில் மட்டும். பிற்பாதியில் அந்த வேறுபாடு இல்லாமல் போய்விட்டது. ஆக, உங்கள் என்வலப்பும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் கடிக்கும்.

அடுத்தது வயது. நான்ஸி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஒரு புத்தகத்துக்கு 50 பக்கம் கொடுத்துப் பார், பிடிக்காவிட்டால் மூடிவிடு. ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் 100இலிருந்து தங்கள் வயதைக் கழித்து, மிச்சம் வருகிற பக்கத்தை வாசித்தால் போதும். உங்களுக்கு 33. நீங்கள் 140 வாசித்திருக்கிறீர்கள். 107 பக்கம் கூடுதலாகவே கொடுத்துவிட்டீர்கள், சேர்.

மேடைப் புகழ்ச்சிக்கு வருகிறேன். இதை எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பு நகரில் ஒரு நாவலுக்கு நயவுரை சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். முன்னுரை, பின்னட்டை, முதல் 80 பக்கம், அவ்வளவுதான் என் வாசிப்பு. அதை வைத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசினேன். அதில் வருகிற ஒரு வெற்றிலைக் கிழவியை வானளாவப் புகழ்ந்து, "நாவலின் கடைசி வரி வரைக்கும் இந்தக் கிழவிதான் நம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிறா" என்று முடித்தேன். கைதட்டினார்கள். ஏற்புரையில் நாவலாசிரியர் எல்லோருக்கும் நன்றி சொன்னார், எனக்கும் சொன்னார். தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்தில் வந்து மெதுவாக, "ஐயா, கிழவி 96ஆம் பக்கத்தில மவுத்தாப் போயிற்றாவே" என்றார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். இருக்கவில்லை. ஆகவே மேடையில் பேசியவர்களை வைத்து உங்களை அளக்காதீர்கள். அவர்களில் பாதிப் பேர் உங்களுக்கு முன்பே இறங்கிய பயணிகளாக இருக்கலாம்.

"குறை என்னிடம்தானோ" என்ற கேள்வி சில புத்தகங்களுக்குப் பொருந்தும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளாரின் தமிழிசை ஆராய்ச்சி நூலான யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. நம் பகுதியில் அதை அலுமாரியில் வைத்திருப்பவர்கள் பலர். பாயிரவியல் என்ற முதல் இயலைப் பெருமையோடு வாசித்துவிட்டு, பாலைத் திரிபியலில் தோணி தரைதட்டி நின்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன். அங்கே குறை என்னுடையது. சுரக் கணக்கும் பண்ணும் தெரியாமல் போய் உட்கார்ந்தவன் நான். படித்துக்கொண்டு திரும்பப் போகலாம். இரண்டு தரம் போயுமிருக்கிறேன். நாவல் அப்படியில்லை. வாசிக்கத் தெரிந்த, வாழ்ந்து பார்த்த ஒரு மனிதர் 140 பக்கம் நடந்தும் அடுத்து யாருக்கு என்ன நடக்கும் என்ற கவலை அவருக்கு வரவில்லையென்றால், அதற்கு எழுதியவரும் பதில் சொல்ல வேண்டும். எல்லா நாவலும் விறுவிறுப்பாக ஓட வேண்டுமென்று சொல்லவில்லை. மெதுவாகப் போவது வேறு, நகராமல் கிடப்பது வேறு. எது எதுவென்று உங்களுக்குத் தெரியும்.

சரி, சந்தையில் என்ன சொல்வது?

"வாசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அது வருடக்கணக்கில் நீளும். "நல்லாயிருந்தது" என்றால் அவர் உடனே முடிவைப் பற்றிக் கேட்பார், உங்களுக்கும் ஒரு கிழவி செத்துப்போவா. உள்ளதைச் சொல்லுங்கள்: "தம்பி, 140ஆம் பக்கத்தில நிக்கிறன். அதுக்கு மேல போக முடியேல்ல." ஏன் என்று கேட்டால் மட்டும் காரணம் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தின் பின்பக்கத்தில், இங்கே நான் பிரசுரிக்காத பகுதியில், அழகாக எழுதியிருக்கிறீர்களே, கடையை விற்ற அண்ணன் அதற்குப் பிறகு நாற்பது பக்கத்துக்குக் கண்ணிலேயே படவில்லை என்று. அதையே சொல்லுங்கள். பொன்னாடை போர்த்தவும் ஆள் உண்டு, படம் பிடிக்கவும் ஆள் உண்டு. எந்தப் பக்கத்தில் வாசகன் எழும்பிப் போனான் என்று சொல்ல மட்டும் அவருக்கு ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். இரண்டு நாள் முகம் கொடுக்காமல் போவார். போகட்டும்.

வாசிக்காத மற்ற 272 பக்கத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். "சரிவராத நாவல்" என்று தீர்ப்புச் சொல்ல 140 பக்கம் காணாது.

புத்தகத்தை யாருக்காவது கொடுப்பதென்றால் கொடுங்கள், நூலகத்துக்கும் கொடுக்கலாம். அதற்கு முன் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "அன்புடன்" என்று உங்கள் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்திருப்பார். களுவாஞ்சிக்குடி அவ்வளவு பெரிய ஊரில்லை.