எண்ணெய் வழியும் முகத்துக்கு இன்னொரு எண்ணெயா?

கேள்வி: அறுவடை நேரம். களத்து வெயிலும் வைக்கோல் தூசியும் சேர்ந்து முகம் ஒரே பிசுக்கு. தேங்காயெண்ணெய் தடவினால் இரண்டே நாளில் பரு. மகள் திராட்சை விதை எண்ணெய் வாங்கி வந்திருக்கிறாள், தடவலாமா மேடம்?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தாராளமாகத் தடவலாம்மா. ஒயினுக்குச் சாறு பிழிந்தபின் மிஞ்சும் விதையிலிருந்து எடுப்பது இது. சுமார் 60 முதல் 75 சதவீதம் லினோலிக் அமிலம் என்ற, எளிதில் உறையாத கொழுப்புதான், நம் தேங்காயெண்ணெயில் அது 2 சதவீதம் இருந்தாலே அதிகம். அதனால்தான் மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலோடு உறைந்து நிற்கும்போது இது ஃபிரிட்ஜில் வைத்தாலும் தண்ணீர் மாதிரி ஓடும், தோலிலும் கனமாக உட்காராது. கொஞ்சம் வைட்டமின் ஈ-யும் உண்டு.

முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பாருங்கள். அரிக்கவில்லையா, சரி, இரவு முகம் கழுவி ஈரம் காயும் முன் மூன்றே சொட்டு, ஒற்றித் தடவினால் போதும். தலைக்கு வைக்கிற மாதிரி உள்ளங்கை நிறைய ஊற்றிக்கொள்ளாதீர்கள்! லாவெண்டர் போன்ற வாசனை எண்ணெய் கலப்பதானால் ஒரு டீஸ்பூனுக்கு 2 சொட்டு, அதற்கு மேல் எரியும். பருவுக்கு இது மருந்தல்ல, சீழ் வைத்த பருவென்றால் தோல் டாக்டரைப் பாருங்கள். வெயிலுக்கும் இது காப்பு இல்லை, களத்துக்குப் போகையில் சன்ஸ்கிரீனும் தலையில் துண்டும் வேண்டும்.

அப்புறம், இது சீக்கிரம் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். சின்ன பாட்டிலாக வாங்கி, திறந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். பழைய முறுக்கு வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.