சிங்கப்பூருக்கும் டுபாய்க்கும் தனித்தனியே அனுப்பத்தான் வேண்டுமா?

கேள்வி: ஐயா, எங்கள் கம்பனி திருகோணமலையில், தாய்க் கம்பனி சிங்கப்பூரில், சகோதரக் கம்பனி டுபாயில். மாதாமாதம் நாங்கள் சிங்கப்பூருக்கு, சிங்கப்பூர் டுபாய்க்கு, டுபாய் எங்களுக்கு என்று டொலர் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வங்கிக் கட்டணமே பெரிதாகப் போகிறது. கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்ப முடியாதா?
- கணக்குப் பிரிவு வாசகி, உவர்மலை

பதில்: நல்ல கேள்வி. இதற்கு நெட்டிங் என்று பெயர், பெரிய கம்பனிகள் பல வருடங்களாகச் செய்வதுதான். நீங்கள் சிங்கப்பூருக்கு 80,000, சிங்கப்பூர் டுபாய்க்கு 60,000, டுபாய் உங்களுக்கு 50,000 டொலர் தர வேண்டும் என்று வையுங்கள். மொத்தம் 1,90,000 டொலர் நடமாடுகிறது. கழித்துப் பார்த்தால் நீங்கள் 30,000 கொடுத்தால் போதும்: சிங்கப்பூருக்கு 20,000, டுபாய்க்கு 10,000.

டொலர் இங்கிருந்து நேரே போவதில்லை. வங்கிகள் தமக்குள் செய்தி அனுப்பும் வலையமைப்பான ஸ்விஃப்ட்டில் போவது செய்திதான், பணம் பெரும்பாலும் அமெரிக்க வங்கி ஒன்றில் உள்ள கணக்குகள் வழியாகத்தான் கைமாறும். இடையில் நிற்கும் வங்கி தன் கட்டணத்தை அதிலிருந்து பிடித்துக்கொண்டால் அங்கே குறைவாகச் சேரும். நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இப்படிக் குறைந்த 25 டொலரால் இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாமல் கணக்காய்வு வரைக்கும் இழுபட்டோம். கட்டணம் யார் பொறுப்பு என்று அனுப்பும் படிவத்திலேயே குறிக்கலாம், அதை இன்றைக்கே கவனியுங்கள்.

ஆனால் உங்கள் வங்கியைக் கேட்காமல் நெட்டிங் தொடங்கவே வேண்டாம். இங்கே 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் இருக்கிறது, அதோடு ஏற்றுமதிப் பணம் நாட்டுக்குள் வந்து சேர வேண்டும் என்ற மத்திய வங்கி விதியும் இருக்கிறது. டுபாய் தர வேண்டிய 50,000 ஏற்றுமதிக்கான காசு என்றால், கழித்துவிட்டபின் அது உள்ளே வந்ததை எப்படிக் காட்டுவீர்கள்? எது அனுமதி, எது இல்லை என்று வங்கியிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், கழிப்பது காசை மட்டும்தான், கணக்கை அல்ல. 80,000க்கும் 50,000க்கும் இன்வொய்ஸ், ஒப்பந்தம் எல்லாம் முழுத் தொகையிலேயே இருக்க வேண்டும். சிங்கப்பூருக்கான சேவைக் கட்டணத்தில் நிறுத்திவைத்தல் வரி (காசு கொடுக்கும்போதே கழித்து அரசுக்குக் கட்டும் வரி) பிடிக்க வேண்டியிருந்தால் அதுவும் முழுத் தொகைக்குத்தான், மிச்சத்துக்கு அல்ல. உங்களுக்குள் போடும் விலையும் தொடர்பில்லாத இரண்டு கம்பனிகள் பேசி முடிக்கும் விலையாக இருக்க வேண்டும், உள்நாட்டு இறைவரித் திணைக்களம் கேட்கும்.

வங்கி பதில் தரும்வரை பழையபடியே அனுப்புங்கள். அதற்குள் மூன்று கம்பனிகளின் நிலுவைப் பட்டியலையும் ஒரே திகதியில், ஒரே நாணய மாற்று வீதத்தில் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியல்கள் ஒத்துப்போகாவிட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.