அந்தச் சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: கோத்தகிரிக்குக் கீழே, மேட்டுப்பாளையம் பக்கத்துச் சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. தை பிறந்ததும் காற்று கிளம்பிவிடும். பங்குனி முடியும் வரை ஏதாவது ஒரு சரிவில் தீ தெரிந்துகொண்டே இருக்கும். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக்கு அரை மைல் கீழே வரை வந்து அணைந்தது. அன்று முதல் எனக்கு இரவில் தூக்கம் இல்லை. கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். மாதம் ஒருமுறை வருவார். மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, நினைவு தப்புகிறது. காட்டெருமையும் கரடியும் நடமாடும் இடம் என்பதால், நான் கொழுந்து பறிக்கப் போகும்போது அவரை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விடுவேன். அதனால் அவரைப் பற்றிக் கவலை இல்லை. தோட்டம் முக்கால் மணி நேர நடை. பக்கத்து வீட்டில் கொழுந்தனார் இருக்கிறார். நடுவில் உள்ள துண்டு நிலத்துக்காக மூன்று ஆண்டுகளாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. புகைக்கு எந்த முகக்கவசம் நல்லது? தீயணைப்புக் கருவி வாங்கி வைக்கலாமா? அல்லது வீட்டை விற்றுவிட்டுச் சமவெளிக்கே போய்விடலாமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சகோதரி, நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன், "அதனால் அவரைப் பற்றிக் கவலை இல்லை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்கு வருகிறேன். அதை நான் நான்கு முறை படித்தேன். நினைவு தப்பிய ஒரு தாயை, காய்ந்த சரிவின் மேல் நிற்கும் வீட்டுக்குள் வைத்து, வெளியே பூட்டுப் போட்டு, அந்தப் பூட்டின் சாவியை முக்கால் மணி நேர நடைக்கு அப்பால் உங்கள் இடுப்பில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் கவலையெல்லாம் காற்றின் மேலும் புகையின் மேலும் இருக்கிறது. பகலில் அந்தச் சரிவு பற்றினால் உங்கள் வீட்டில் சாகப் போகிறவர் அவர் ஒருவர்தான். அவரைப் பற்றித்தான் உங்களுக்குக் கவலை இல்லை.

இப்படிப்பட்ட கடிதங்கள் மாசி, பங்குனியில் எனக்கு வந்துகொண்டே இருக்கும். எல்லாரும் தீயைப் பற்றி எழுதுவார்கள். வீட்டில் இருக்கும் கிழவரோ கிழவியோ கடிதத்தின் ஓரத்தில் ஒரு வரியில் உட்கார்ந்திருப்பார். உங்கள் கடிதத்திலும் அப்படித்தான்.

தீ சரிவில் எப்படி ஏறும் என்பது மலையில் வாழும் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் அதைப் பூட்டோடு சேர்த்து நீங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. கீழே எரியும் தீ, மேலே நிற்கும் புல்லையும் புதரையும் தன் வெப்பத்தாலேயே முன்கூட்டி உலர்த்திக்கொண்டு ஏறுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பில் உள்ளவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. அதற்கு மேல், வெயில் ஏறியதும் பள்ளத்தாக்குக் காற்று கீழிருந்து மேல்நோக்கி வீசத் தொடங்கும். அந்தி சாய்ந்த பிறகே திசை மாறும். ஆக, தீ உங்கள் வீட்டை நோக்கி மிக விரைவாக ஏறக்கூடிய நேரமும், நீங்கள் கூடையோடு தோட்டத்தில் நிற்கும் நேரமும் ஒன்றுதான். நீங்கள் இரவில் தூங்காமல் காவல் இருக்கிறீர்கள். ஆபத்து கூடுதலான பகலில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில், காய்ந்த புல் மண்டிய சரிவில் மலையேற்றத்துக்குச் சென்றவர்களைத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் இளம் வயதினர், ஓடக் கூடிய கால் உள்ளவர்கள்.

உங்கள் மாமியார் பூட்டிய அறைக்குள், சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்கள் ஊர்ப்பக்கத்து வீடுகளில் சன்னல் கம்பியை உடைக்க ஆண்களுக்கே கடப்பாரை வேண்டும்.

நான் பழனி மலையில் வளர்ந்தவள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு மாசி மாதப் பிற்பகல், எதிர்ச்சரிவில் தீ எரிந்துகொண்டிருந்தது. நடுவில் ஓடை இருக்கிறது, இங்கே வராது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது எங்கள் வாசலில் ஒரு முழ நீளத்துக்கு யூகலிப்டஸ் பட்டை ஒன்று பறந்து வந்து விழுந்தது. நீங்கள் கற்பூர மரம் என்பீர்கள். பட்டை சுருட்டிய பாய்போல உருண்டிருந்தது; அதன் ஓரம் மட்டும் பீடி நுனி போலச் சிவந்து கனன்றது. காற்று அடித்தபோதெல்லாம் அந்தச் சிவப்பு விரிந்தது. அம்மா சாணம் கரைத்திருந்த வாளியை அப்படியே அதன் மேல் கவிழ்த்தார். இன்னொரு துண்டு கொல்லைப்புறத்து விறகடுக்கில் விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. புகை வந்த பிறகுதான் ஓடினோம். அன்று வீட்டில் ஆள் இருந்ததால் விறகோடு போயிற்று. காட்டுத்தீ என்றால் ஒரு சுவர்போல நகர்ந்து வரும், தூரத்தில் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பலத்த காற்றில் அது தணல் துண்டுகளாகப் பறந்து வந்து, கூரைத் தகட்டின் இடுக்கில் கிடக்கும் சருகிலும் கயிற்றில் காயும் துணியிலும் உட்காரும்.

காட்டெருமை இருக்கிறது, கரடி இருக்கிறது என்கிறீர்கள். இருக்கின்றன, கோத்தகிரியில் கரடி வீட்டுக் கதவைத் தட்டும் அளவுக்கு வந்துவிட்டது என்பதை நானும் அறிவேன். கிழவியை வெளியே அலையவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கதவு சாத்தியிருக்கட்டும், வெளியே தாழ்ப்பாளும் இருக்கட்டும். அதில் தொங்கும் பூட்டைக் கழற்றிவிடுங்கள். வெறும் தாழ்ப்பாள் என்றால் கரடியும் உள்ளே போகாது, அம்மாவும் வெளியே வரமாட்டார். ஆனால் அந்த வழியாகப் போகும் எந்த மனிதரும் ஒரு நொடியில் திறந்து அவரைத் தூக்கிக்கொண்டு வர முடியும். வீட்டில் களவு போகும் என்று அஞ்சினால் நகையையும் பணத்தையும் வங்கியில் வையுங்கள்.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவில் பாரடைஸ் என்னும் மலையூர், வறண்ட பருவத்தின் பலத்த காற்றில், ஒரே நாளில் எரிந்து போயிற்று. 85 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் 65 வயதைக் கடந்தவர்கள். வீட்டுக்கு வீடு கார் உள்ள நாடு அது. வெளியேறும்படி அறிவிக்க ஏற்பாடும் இருந்தது. அங்கேயே முதியவர்கள்தான் பின்தங்கினார்கள் என்றால், வெளியே பூட்டிய வீட்டில் இருக்கும் முதியவரின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, சாவி ஏன் உங்கள் ஒருவரிடமே இருக்கிறது என்பதற்கு வருவோம். பக்கத்து வீட்டில் உங்கள் கொழுந்தனார் இருக்கிறார், ஓரகத்தி இருக்கிறார். கூப்பிட்டால் கேட்கும் தொலைவு. உள்ளே பூட்டப்பட்டிருப்பவர் அந்தக் கொழுந்தனாரைப் பெற்ற தாய். நிலத் தகராறு உங்கள் கணவருக்கும் அவருக்கும் இருக்கலாம். அந்தத் தாய்க்கு அதில் என்ன பங்கு? பெற்றவளைக் காப்பது மூத்த மகனுக்கும் அவன் மனைவிக்கும் மட்டும் எழுதி வைத்த கடமை என்று நான் நம்பவில்லை. மூன்று ஆண்டுகளாகத் தன் தாய் பகலெல்லாம் பூட்டுக்குள் இருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அவர் செய்தது பெருந்தவறு. அந்தத் தவறுக்கு நீங்கள் சாவியை ஒளித்துத் துணை போகிறீர்கள். நீங்கள் கேட்டு, அவர் மறுத்திருந்தால் அதை எழுதியிருப்பீர்கள். கேட்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

யார் முதலில் பேசுவது என்பது உங்களுக்கு மானப் பிரச்சினையாக இருக்கும். நீங்கள்தான் பேச வேண்டும். கடிதம் எழுதியவர் நீங்கள். ஆபத்தைக் கண்ணால் கண்டவரும் நீங்கள். ஓரகத்தியிடம் போங்கள். நிலத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். "காற்று நாட்களில் பகலில் அத்தை உங்களோடு இருக்கட்டும், தீ தெரிந்தால் என்னைத் தேடாமல் அவரை ரோட்டுக்குக் கூட்டிப்போய்விடுங்கள்" என்று கேளுங்கள்.

அந்தத் துண்டு நிலத்தையும் நான் விடப் போவதில்லை. தகராறு முடியும் வரை இருவரும் அதில் கை வைக்கவில்லை என்றால், மூன்று ஆண்டுகளாக அங்கே என்ன வளர்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்: உண்ணிச்செடி. காய்ந்தால் அது தீக்கு ஏணி. தரையில் ஓடும் தீ அதைப் பிடித்துக்கொண்டு மரத்துக்கும் கூரைக்கும் ஏறும். இரண்டு வீட்டுக்கும் நடுவே அப்படி ஒரு புதரை வளர்த்து வைத்திருக்கிறீர்கள். வீட்டைச் சுற்றிக் குறைந்தது 30 அடிக்குப் புதரும் சருகும் இருக்கக் கூடாது. உண்ணிச்செடியை மேலாக வெட்டினால் மீண்டும் தழைக்கும். மண்ணுக்குள் சற்று ஆழமாக, வேர்க்கட்டைக்குக் கீழே வெட்டிப் புரட்டிப் போட வேண்டும். வெட்டியதை அங்கேயே கொளுத்திவிடத் தோன்றும். இந்தப் பருவத்தில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே பற்றிய தீ, தோட்டத்துக் குப்பைக்கு வைத்த நெருப்பிலிருந்து பரவியதாகச் செய்திகள் வந்தன. கடைசியில் விமானப்படையின் ஹெலிகாப்டர் வாளி கட்டித் தண்ணீர் மொண்டு ஊற்ற வேண்டியதாயிற்று. வெட்டிய புதரை வீட்டிலிருந்து தள்ளிக் குவித்து மழைக்காலம் வரை மக்கவிடுங்கள்.

அந்த நிலத்தில் கூரைமேல் சாய்ந்த கற்பூர மரம் ஏதும் நின்றால் அதற்கும் வழி இருக்கிறது. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் மரம் வெட்ட முடியாது. ஆபத்தான மரம் என்று மனுக் கொடுக்க வேண்டும். அந்த மனுவில் அண்ணன் தம்பி இருவரும் கையெழுத்திடட்டும். மின்கம்பியில் உரசும் கிளை இருந்தால் மின்வாரியத்துக்கு இன்றே சொல்லுங்கள். காற்றில் கம்பியோடு கம்பி மோதித் தெறிக்கும் பொறி காய்ந்த புல்லுக்குப் போதும்.

நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். முகக்கவசம் வாங்குவதானால் என்-95 வாங்குங்கள். ஈரத் துண்டு சாம்பலைத்தான் தடுக்கும். நுண்புகை அதன் வழியே போய்விடும். உங்களுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று. புகை சூழ்ந்தால் சன்னலைச் சாத்தி ஓர் அறைக்குள் இருப்பது நல்லது, தீ தொலைவில் இருக்கும் வரை. தீயணைப்புக் கருவி அடுப்பங்கரைக்கு உதவும். சரிவில் ஏறி வரும் தீக்கு முன் அதைத் தூக்கிக்கொண்டு நிற்காதீர்கள். அந்தப் பணத்தில் இரண்டு பெரிய பீப்பாய் வாங்கித் தண்ணீர் நிரப்பி வையுங்கள்; கூரைச் சருகை வாரத்துக்கு ஒருமுறை தள்ளுங்கள்; விறகடுக்கைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். வீட்டை விற்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. சாவியை ஒரு வீட்டுக்கு அப்பால் கொடுக்க மனமில்லாதவர் சமவெளிக்குப் போனாலும் அத்தையைப் பூட்டித்தான் வைப்பார்.

கீழ்ச்சரிவில் புகை கண்டால் 101-ஐ அழையுங்கள். கிடைக்காவிட்டால் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. எரிவாயு உருளையை மூடுங்கள். பருத்தி உடை அணியுங்கள்; நைலான் புடவை உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தீ நெருங்கும் வரை பார்த்துக்கொண்டிராமல் முன்னதாகவே கிளம்புங்கள். எக்காரணம் கொண்டும் சரிவில் மேல்நோக்கி ஓடாதீர்கள். பக்கவாட்டில் தார்ச்சாலைக்கோ, புல் இல்லாத பள்ளி மைதானத்துக்கோ போங்கள். அத்தையை நடத்திக்கொண்டு அந்த இடத்துக்குப் போக எத்தனை நிமிடம் ஆகிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமையே கடிகாரத்தைப் பார்த்து நடந்து பாருங்கள். அவர் நடக்க மறுத்தால் நாற்காலியில் வைத்து இருவர் தூக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்.

உங்கள் கணவரிடம் இந்தப் பக்கத்தைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை வந்து சம்பளத்தைக் கொடுத்துவிட்டுப் போவதோடு ஒரு மகனின் கடமை முடிந்துவிட்டது என்று அவர் எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது இரண்டு நாள் விடுப்புச் சேர்த்து எடுத்துக்கொண்டு, மண்வெட்டியோடும் அரிவாளோடும் அந்தத் துண்டு நிலத்தில் இறங்கட்டும். எல்லைக்கல்லைப் பற்றித் தம்பியோடு பேச வேண்டியது மழைக்காலத்திலும் இருக்கும். இப்போது புதரை இந்த ஓரத்திலிருந்து அவர் வெட்டத் தொடங்கட்டும். அந்த ஓரத்திலிருந்து வெட்டும்படி தம்பியையும் கூப்பிடட்டும்.