ஏர்போர்ட்டை விட்டு வெளியே வராவிட்டாலும் விசா வேண்டுமா? டிரான்சிட் கேள்வி பதில்

கே: நியூயார்க்கில் மூன்று மணி நேரம்தான் நிற்கிறேன், அடுத்த விமானம் மெக்சிகோவுக்கு. இந்திய பாஸ்போர்ட். வெளியே போகப்போவதில்லையே, சார்?

ப: அமெரிக்காவில் அந்தப் பேச்சே எடுபடாது. எந்த ஊருக்குப் போவதானாலும் முதலில் இறங்கும் இடத்தில் இமிகிரேஷன் தாண்டியாக வேண்டும். பி1/பி2 என்ற விசிட்டர் விசா இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் சி-1 என்ற டிரான்சிட் விசா எடுங்கள்.

கே: அம்மாவுக்கு இலங்கை பாஸ்போர்ட், கனடா விசா இருக்கிறது. கொழும்பிலிருந்து பாரிஸ் வழியாக டொராண்டோ. ஷெங்கன் விசா வேண்டுமா?

ப: ஷெங்கன் என்பது பிரான்ஸ், ஜெர்மனி உட்படப் பல ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த பொது விசாப் பகுதி. ஏர்போர்ட்டுக்குள்ளேயே விமானம் மாறுவதற்கும் எந்தெந்த நாட்டு பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும் என்று பன்னிரண்டு நாடுகளைச் சொல்லும் ஷெங்கன் பொதுப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் இலங்கை இருக்கிறது. ஆனால் செல்லுபடியாகும் கனடா விசா கையில் இருந்தால் விலக்கு உண்டு. அந்த விசாவில் கனடா போய்விட்டு அங்கிருந்து நேரே திரும்பும்போதும் அது பொருந்தும். அம்மா தைரியமாகப் போகலாம்.

ஒன்றை மட்டும் பாருங்கள். விலை குறைவு என்று கொழும்பு–பாரிஸ்–பிராங்பர்ட்–டொராண்டோ என ஒரு டிக்கெட் கண்ணில் படும். தொடாதீர்கள். பாரிஸிலிருந்து பிராங்பர்ட் போவது ஷெங்கனுக்குள் உள்நாட்டுப் பயணம் மாதிரி. பாரிஸிலேயே இமிகிரேஷன் தாண்ட வேண்டும், அதற்கு முழு ஷெங்கன் விசா வேண்டும். கனடா விசா அங்கே உதவாது.

கே: சென்னை–சிங்கப்பூர்–சிட்னி, நடுவில் ஒன்பது மணி நேரம். சிராங்கூன் ரோடு பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா?

ப: உங்கள் ஆஸ்திரேலிய விசா இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே 96 மணி நேர அனுமதிக்கு வழி செய்கிறது. அரைவல் கார்டை ஆன்லைனில் நிரப்பிவிடுங்கள். கடைசி வார்த்தை இமிகிரேஷன் அதிகாரியுடையது. உள்ளேயே இருந்தால் எதுவும் வேண்டாம்.

கே: இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தால் என்ன ஆகும்?

ப: நான் சூடுபட்ட இடம் இது. நண்பர் குடும்பத்துக்கு லண்டன் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு கம்பெனியில் இன்னொன்று போட்டுக் கொடுத்தேன். மிச்சப்பட்ட பணத்தை நினைத்துப் பெருமையாக இருந்தேன். சென்னை கவுன்டரில் நிறுத்திவிட்டார்கள். பெட்டி டேக்கில் லண்டன் என்றுதான் விழும், அங்கே எடுத்து மறுபடி போட வேண்டும், அதற்கு இமிகிரேஷன் தாண்ட வேண்டும். உள்ளேயே மாறுவதற்கான டிரான்சிட் விசா இருந்திருந்தாலும் பயனில்லை. நுழைந்து வெளியேறும் வகை விசா வேண்டும். நாலு பெட்டியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த நண்பரின் மனைவி இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

ஒரே பிஎன்ஆராக, அதாவது ஒரே புக்கிங் எண்ணாக இருந்தாலும், பெட்டி கடைசி ஊர் வரை போகுமா என்று கேட்டுவிடுங்கள். டேக்கில் கடைசி ஊரின் மூன்றெழுத்தைக் கண்ணால் பாருங்கள்.

கே: கனடாவில் மாறினால்?

ப: இந்திய பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா வேண்டும். கட்டணம் இல்லை, 48 மணி நேரத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். இலவசம்தானே என்று கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள்.

கே: எல்லாம் சரியாக இருந்தும் கவுன்டரில் தடுத்தால், அண்ணா?

ப: கவுன்டரில் இருப்பவர் டிமேட்டிக் என்ற கணினித் தகவல் தொகுப்பில் உங்கள் பாஸ்போர்ட், வழி, சேரும் நாடு மூன்றையும் போட்டுப் பார்ப்பார். தப்பான ஆளை ஏற்றினால் அபராதம் கம்பெனிக்குத்தான், அதனால் சந்தேகம் வந்தால் ஏற்றமாட்டார்கள். சண்டை போடாமல், "டிமேட்டிக்கில் என்ன வருகிறது, கொஞ்சம் காட்டுங்கள்" என்று கேளுங்கள். விலக்கு விதி அச்சடித்த தாள் ஒன்றும் பையில் இருக்கட்டும். கவுன்டர் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள், சூப்பர்வைசரைக் கூப்பிட்டுப் பேச நேரம் கிடைக்கும்.