நம்பிக்கையாளரும் மறுப்பாளரும் பொதுவெளியில்: சட்டம் குறித்த கேள்வி பதில்

கடவுள் நம்பிக்கை உள்ளவர்களும் அதை மறுப்பவர்களும் தம் கருத்தைப் பொது இடத்தில் சொல்வதற்கு உள்ள உரிமை குறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வழக்கறிஞன் என்ற முறையில் சட்டம் சொல்வதை முதலில் சொல்லி, என் சொந்தக் கருத்தை என் கருத்து என்றே குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை): ஐயா, மேடையில் ஒருவர் கடவுள் இல்லை என்று ஏளனமாகப் பேசும்போது என் மனம் புண்படுகிறது. மனம் புண்பட்டதே குற்றமாவதற்குப் போதுமா?

பதில்: போதாது அம்மா. அரசமைப்புச் சட்டத்தின் 19(2)ஆம் உறுப்பு, பேச்சுரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. அதில் பொது ஒழுங்கு இருக்கிறது, அவதூறு இருக்கிறது. மத உணர்வு தனியே இடம்பெறவில்லை. மத உணர்வு சட்டத்துக்குள் நுழைவது தண்டனைச் சட்டத்தின் 295ஏ பிரிவு வழியாக. 2024 ஜூலை முதல் அது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவாக இருக்கிறது. நபிகள் நாயகத்தை இழித்துரைத்த ஒரு சிறு நூலின் பதிப்பாளரை லாகூர் உயர் நீதிமன்றம் விடுவித்ததால் எழுந்த கொந்தளிப்பின் விளைவாக, 1927இல் ஆங்கிலேய அரசு கொண்டுவந்த பிரிவு அது. 1957இல் ராம்ஜி லால் மோடி வழக்கில் அப்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் வேண்டுமென்றே, தீய நோக்கத்துடன் செய்யப்படும் கடுமையான இழிவுபடுத்தலை மட்டுமே அது தண்டிக்கிறது என்றும், அறியாமலோ கவனக்குறைவாலோ தீய நோக்கமின்றியோ நேரும் அவமதிப்பு அதில் அடங்காது என்றும் விளக்கியது.

ஏட்டில் இருப்பது இது. நடைமுறையிலோ இக்குற்றத்துக்குப் பிடியாணை இல்லாமலே கைது செய்யலாம், ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது. நோக்கம் தீயதா என்ற ஆராய்ச்சி விசாரணையில்தான் நடக்கும். நீதிமன்றம் வழக்கை ஏற்பதற்கு அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற பாதுகாப்பு இருந்தாலும், கைதுக்கு அது தடையாக நிற்பதில்லை. சிறை சென்று வந்தவர் பிறகு விடுதலையானாலும் அவரைச் சுற்றியிருப்பவர்கள் பேசத் தயங்குவார்கள். இப்பிரிவின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து.

கேள்வி (திருச்சி): கோயிலுக்கு அருகில் உள்ள பெரியார் சிலையின் பீடத்தில் ‘கடவுள் இல்லை’ என்ற வாசகம் இருக்கிறது. அதை அகற்றச் சொல்ல முடியாதா? அந்த வாசகம் கருத்துரிமை என்றால், விநாயகர் சிலையை உடைத்ததும் கருத்துரிமைதானா?

பதில்: முதல் கேள்விக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் விடை சொல்லிவிட்டது. பெரியார் சிலைகளில் உள்ள அவ்வாசகங்களை நீக்கக் கோரிய மனுவைத் தள்ளுபடி செய்த நீதிபதிகள், மதத்தைப் பற்றியும் கடவுளைப் பற்றியும் தம் கருத்தைச் சொல்ல மனுதாரருக்கு எந்த உரிமை இருக்கிறதோ, அதை மறுத்துச் சொல்ல எதிர்த் தரப்புக்கும் அதே உரிமை இருக்கிறது என்றார்கள்.

இரண்டாவது கேள்வி உங்கள் ஊரிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றியது. 1953 மே 27 அன்று திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் பெரியார் ஒரு மண் பிள்ளையார் உருவத்தைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்தார். வீரபத்திரன் செட்டியார் என்பவர், புனிதப் பொருளைச் சேதப்படுத்துவதைக் குற்றமாக்கும் 295ஆம் பிரிவின் கீழ் கொடுத்த புகாரை நடுவர் தள்ளுபடி செய்தார். அமர்வு நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. கோயிலில் வைத்து வழிபடப்படாத மண்ணுருவம் புனிதப் பொருளாகாது என்ற போக்கிலேயே கீழ் நீதிமன்றங்கள் சிந்தித்தன. 1958இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு சாரார் புனிதமாகக் கருதும் எந்தப் பொருளும் அப்பிரிவில் அடங்கும் என்றும், அந்த நம்பிக்கையை நீதிபதி பகிர்ந்துகொள்கிறாரா, அது பகுத்தறிவுக்கு ஒத்ததா என்பதையெல்லாம் பாராமல் பலதரப்பட்ட மக்களின் உணர்வுகளை நீதிமன்றங்கள் மதிக்க வேண்டும் என்றும் கூறியது. ஆயினும் ஐந்தாண்டுகள் கடந்துவிட்டதால் மறு விசாரணைக்கு உத்தரவிடவில்லை. எனவே பெரியார் தண்டிக்கப்படவில்லை என்பதும் உண்மை, சட்டத்தின் விளக்கம் அவர் பக்கம் நிற்கவில்லை என்பதும் உண்மை. நான் கேட்ட மேடை விவாதங்களில் ஒவ்வொரு தரப்பும் இவற்றில் தனக்கு உகந்த ஒன்றை மட்டுமே எடுத்துச் சொல்கிறது.

ஆகவே கல்லில் பொறித்த கருத்தும் பொருளை உடைக்கும் செயலும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு. உடைத்தது சொந்தக் காசில் வாங்கிய பொம்மைதான் என்பதும் முழு விடையாகாது.

கேள்வி (அரசு ஊழியர், தருமபுரி): அலுவலகத்தில் ஆயுத பூசைக்குச் சந்தா கேட்கிறார்கள். நான் நாத்திகன். மறுத்தால் ஒதுக்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறேன். என் மகள் படிக்கும் உதவிபெறும் பள்ளியிலும் காலை வழிபாடு உண்டு.

பதில்: சந்தாவைக் கட்டாயமாக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. 25ஆம் உறுப்பு மதச் சுதந்திரத்தைச் சொல்வதற்கு முன்பே மனச்சான்றின் சுதந்திரத்தைச் சொல்கிறது. நம்பாதவருக்கும் உறைவிடம் அதுவே. பள்ளியைப் பொறுத்தவரை 28(3)ஆம் உறுப்பு தெளிவானது. அரசு நிதி உதவி பெறும் பள்ளியில் மத வழிபாட்டில் கலந்துகொள்ளுமாறு, சிறுவராக இருந்தால் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல், யாரையும் வற்புறுத்தக் கூடாது. தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

இங்கே நாத்திகர்கள் நன்றி சொல்ல வேண்டியது ஆழ்ந்த பக்தியுள்ள ஒரு குடும்பத்துக்கு. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையுடன் எழுந்து நின்றும் பாடவில்லை என்பதற்காக 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. பேசாமல் இருப்பதும் பேச்சுரிமையில் அடங்கும் என்ற கோட்பாட்டை அவ்வழக்கிலிருந்தே எடுத்துக்காட்டுகிறோம். வழிபாட்டில் கைகூப்ப விரும்பாதவருக்கும் அது உதவும்.

சக ஊழியர்களின் முகச்சுளிப்புக்குச் சட்டத்தில் மருந்தில்லை. பூசையைப் பழிக்காமல், பொரி கடலையை வாங்கிக்கொண்டு, சந்தாவை மட்டும் மறுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

கேள்வி (கும்பகோணம்): மதச்சார்பற்ற அரசு என்றால் அமைச்சர் நெற்றியில் திருநீறு கூடாதா?

பதில்: தாராளமாக அணியலாம். நெற்றி அவருடையது, கோப்பில் இடும் கையொப்பம் அரசுடையது. நம்பிக்கை காரணமாக ஒரு மனுவை ஏற்பதும் ஒன்றைத் தள்ளுவதும்தான் தவறு. நாத்திக அமைச்சருக்கும் இதே அளவுகோல் உண்டு. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டப்படி அத்துறையின் ஆணையரும் அலுவலர்களும் இந்து சமயத்தைச் சார்ந்தவர்களாக இருக்க வேண்டும். அமைச்சருக்கு அவ்விதி இல்லை. நாத்திகர் அப்பொறுப்பில் அமரலாம். அமர்ந்தபின் கோயில் நிலத்தையும் உண்டியலையும் பக்தரைப் போலவே காக்கக் கடமைப்பட்டவர் அவர்.

தேர்தல் மேடையில் விதி இன்னும் கடுமையானது. மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை. அது வேட்பாளரின் மதத்தை மட்டுமின்றி வாக்காளரின் மதத்தையும் குறிக்கும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, நான்குக்கு மூன்று என்ற கணக்கில், முடிவு செய்தது.

கேள்வி (சேலம்): நாத்திகர்கள் இந்து மதத்தை மட்டும்தானே விமர்சிக்கிறார்கள்? மற்ற மதங்களைத் தொட அச்சமா?

பதில்: தமிழ்நாட்டு நாத்திகம் சாதியை எதிர்த்த இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது; ஆகவே சாதிக்கு ஆதாரமாக அது கண்ட நூல்களையே முதலில் தாக்கியது. இதை ஏற்காதவர்கள் அந்தப் பேச்சின் ஒருதலைப்பட்சத்தை விமர்சிக்கலாம்; அந்த விமர்சனத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது.

ஆனால் அச்சம் என்று கேட்டீர்கள். 2017 மார்ச்சில் கோவையில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து நாத்திகரான திராவிடர் விடுதலைக் கழக உறுப்பினர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். கைது செய்யப்பட்டவர்கள் அவர் பிறந்த சமூகத்தினர். பிறந்த வீட்டின் நம்பிக்கையை விட்டு வெளியேறியவருக்குத்தான் ஆபத்து மிகவும் அருகில் இருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மிரட்டல் வந்தால் அதைக் குடும்ப விவகாரம் என்று திருப்பி அனுப்பாமல் காவல் துறை உடனே பதிவு செய்ய வேண்டும்.

கேள்வி (திண்டுக்கல்): ஒரு வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். கடவுள் மேல் ஆணையிட எனக்கு விருப்பமில்லை. என்ன செய்வது?

பதில்: கடவுள் மேல் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி கூற 1969ஆம் ஆண்டு உறுதிமொழிச் சட்டம் வழி செய்திருக்கிறது. சட்டமன்ற உறுப்பினர் பதவியேற்கும்போதும் கடவுளின் பெயரால் ஆணையிடலாம் அல்லது உளமார உறுதி கூறலாம். அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையையே ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்க வேண்டும் என அரசமைப்பு நிர்ணய சபை உறுப்பினர் எச். வி. காமத் 1949 அக்டோபரில் கொண்டுவந்த திருத்தம், ஆதரவாக 41, எதிராக 68 என்ற வாக்குகளில் தோற்றது. எதிர்த்தவர்களில் பக்தர்களும் இருந்தார்கள். கூண்டில் ஏறுவதற்கு முன் நீதிமன்ற எழுத்தரிடம் உறுதிமொழி எடுத்துக்கொள்வதாகச் சொல்லுங்கள். காரணம் கூறத் தேவையில்லை. பொய் சொன்னால் கிடைக்கும் தண்டனையும் இரண்டுக்கும் ஒன்றுதான்.