பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும்

கேள்வி: நான் திருமண மண்டபம் ஒன்றின் மேலாளர். ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர் ஒருவர், பிளீச்சிங் பவுடர் தூவியிருந்த கழிவறையில் கறை போகவில்லை என்று ஆசிட்டையும் ஊற்றியதால் மூச்சுத்திணறி வெளியே ஓடிவந்தார். சற்று நேரத்தில் தேறிவிட்டார். கவனக்குறைவு அவருடையதுதானே?
– வாசகர், ஈரோடு

பதில்: அவ்வாறு நான் கருதவில்லை. பிளீச்சிங் பவுடரும் கழிவறை ஆசிட்டான ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும் என்பதை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? காற்றைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு கனமான அந்த வாயு தரையை ஒட்டியே தங்குவதால், குனிந்து தேய்ப்பவரைத்தான் முதலில் தாக்கும். துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.

தேறிவிட்டார் என்று நீங்கள் எழுதியிருப்பதே எனக்குக் கவலை தருகிறது. நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் தொடங்கலாம் என்பதால், இருமலோ நெஞ்சு இறுக்கமோ சிறிதளவு இருந்தாலும் அவரை உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

ஒப்பந்ததாரரின் ஆள் என்பதால் உங்கள் பொறுப்பு நீங்கிவிடாது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு நேரும் விபத்தில் முதன்மை முதலாளியும், அதாவது வேலையை ஒப்பந்தத்துக்கு விட்டவரும், இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்ற நெறி 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. ஆசிட்டைப் பழைய குடிநீர்ப் புட்டிகளில் ஊற்றி வைக்கும் வழக்கம் உங்கள் மண்டபத்தில் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். இரண்டு பொருள்களையும் தனித்தனி அலமாரிகளில் தமிழ் எச்சரிக்கையுடன் வைத்து, ரப்பர் கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்து, ஒன்றை நன்றாகக் கழுவிவிட்ட பிறகும் மற்றொன்றை அங்கே ஊற்றக்கூடாது என்று நேரில் விளக்குங்கள்.